தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் வந்துபோகும் கட்டடத்தில் தமிழ் எழுத்துச் சுவர் எதற்கு?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பேட்டையில் புதுப்பிக்கிற ஒரு நூலகத்தின் முகப்புக் கூடத்தில் எழுத்துகளால் ஆன கலைப்படைப்பு ஒன்று வரப்போகிறது. வடிவமைப்பாளர் தமிழின் 247 எழுத்துகளையும் உலோகத்தில் வெட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடலாம் என்கிறார். எந்த எழுத்துரு நல்லது, எந்த உலோகம் தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியதுபோல ஒன்று இருக்கிறது: "இங்கே வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, வெறும் அலங்காரமாகிவிடுமோ?" நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். எழுத்துரு, உலோகம் எல்லாம் இதற்குப் பதில் கிடைத்த பிறகுதான்.

டர்பனில் முப்பது வருடமாகப் பெயர்ப்பலகையும் கட்டட எழுத்தும்தான் எனக்குத் தொழில். தூரிகையில் ஆரம்பித்து, வினைல் ஒட்டி, இப்போது உலோகம் வெட்டுவதில் நிற்கிறேன். தமிழ் எழுத்தை மாலை வகுப்பில் கற்றேன்; தொழிலில்தான் அதைக் கூர்ந்து பார்க்கப் பழகினேன். நான் வரலாற்று ஆய்வாளனும் இல்லை, கட்டடப் பொறியாளனும் இல்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்த ஒன்று. நம் நாட்டு அரசியலமைப்பில், 6ஆம் பிரிவில், தமிழின் பெயர் இருக்கிறது. ஆட்சிமொழிப் பட்டியலில் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். அங்கே சொல்லியிருப்பது, இங்குள்ள சமூகங்கள் பேசும் மொழிகளுக்கு மதிப்புக் கிடைக்கும்படி மொழி வாரியம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. அதில் பெயர் சொல்லப்படும் எட்டு மொழிகள் ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துக்கீசியம், தமிழ், தெலுங்கு, உருது. ஆகவே "தமிழ் ஆட்சிமொழி, அதனால் சுவரில் வேண்டும்" என்று குழுவில் வாதாடாதீர்கள். யாராவது புத்தகத்தைத் திறந்தால் தோற்றுவிடுவீர்கள். "இந்தப் பேட்டை மக்களின் மொழி, மதிக்க வேண்டிய மொழி என்று சட்டமே பெயர் சொல்கிறது" என்று சொல்லுங்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

அடுத்து, முடிந்தால் உங்கள் வடிவமைப்பாளரை ஜோகன்னஸ்பர்க் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். 2004இல் திறந்த அந்தக் கட்டடத்தின் முகப்பில் நீதிமன்றத்தின் பெயர் அப்போதிருந்த பதினோரு ஆட்சிமொழிகளிலும் பெரிய எழுத்தில் நிற்கிறது. (சைகை மொழி பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது 2023இல்தான்.) அந்த எழுத்தை எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுக்கவில்லை. நம் டர்பன்காரரான கார்த் வாக்கர், அந்த இடத்தில் முன்பு இருந்த பழைய கோட்டைச் சிறையின் சுவர்க் கிறுக்கல்களையும் சிறை அறிவிப்புகளையும் படம் பிடித்து, அவற்றிலிருந்து வரைந்த எழுத்துரு அது. சிறைப்பட்டவர்கள் சுவரில் கீறிய கையெழுத்து நீதிமன்றத்தின் முகமாகிவிட்டது. உள்ளே போகும் மரக்கதவுகளில் உரிமைச் சாசனத்தின் 27 உரிமைகளையும் செதுக்கியிருக்கிறார்கள். ஆண்ட்ரூ வெர்ஸ்டர், ஆண்ட்ரியஸ் போத்தா என்ற இரண்டு கலைஞர்கள் வடிவமைத்தது. அவர்களும் டர்பன் பக்கத்தவர்கள்தான். அதே நகரத்தில் நிறவெறி அருங்காட்சியகத்துக்குப் போனால் வாசலில் ஏழு தூண்கள் நிற்கும். ஜனநாயகம், சமத்துவம், நல்லிணக்கம், பன்மை, பொறுப்பு, மதிப்பு, சுதந்திரம் என்று தூணுக்கு ஒரு சொல். படிக்காமல் யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை.

இந்த இரண்டு இடத்திலும் ஒன்றைக் கவனித்தேன். எங்கேயும் நெடுங்கணக்கை, அதாவது எழுத்து வரிசை முழுவதையும், தொங்கவிடவில்லை, சொல்லை வைத்திருக்கிறார்கள். சிறையின் கையெழுத்தில் நீதிமன்றத்தின் பெயர், கதவில் உரிமை, தூணில் ஒரு சொல். நம்முடைய பழைய வழக்கமும் இதுவே. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றி ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வெட்டிய எழுத்தைப் பாருங்கள்: யார் என்ன கொடுத்தார், எவ்வளவு எடை, யாருக்கு என்ன சம்பளம் என்று வரி வரியாக ஓடும். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அழகுக்காக வெட்டியது இல்லை. சென்னை வள்ளுவர் கோட்டத்தில், 1976இல், 1330 குறளையும் கல்லில் வைத்தார்கள். அதுவும் படிப்பதற்கே. கட்டடத்தின்மேல் எழுத்து எழுதுவதை நாம் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.

அதனால் 247 எழுத்தைத் தொங்கவிடும் யோசனையை நான் ஏற்கவில்லை. முதல் காரணம் மிகச் சாதாரணமானது. ஒற்றைக் கம்பியில் தொங்குகிற எழுத்து காற்றில் திரும்பும், பின்பக்கம் காட்டும். "ப", "ஃ" போன்ற சிலவற்றைத் தவிர எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல இடவலம் மாறித் தெரியும். எழுத்துத் தெரிந்தவர் அதைச் சரிசெய்து படித்துக்கொள்வார். தெரியாத பிள்ளை அந்த இடவலம் மாறிய வடிவத்தைத்தான் மனத்தில் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, 247 என்பது எண்ணிக்கைதான், 247 வடிவம் இல்லை. கொ, கோ, கௌ வரிசைகளில் மட்டும் 54 எழுத்துகள், ஒவ்வொன்றும் மூன்று துண்டு. துண்டுகளைச் சேர்த்து வெட்டினால் எழுத்தின் உருவம் கெடும். பிரித்துத் தொங்கவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஆடும். மூன்றாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு முன்னால் 247 வடிவத்தைக் கொட்டினால் அதற்குக் கிடைக்கும் சேதி, "இது உனக்கு எட்டாதது" என்பதுதான்.

அப்படியென்றால் எதை வைப்பது? பிள்ளைகளின் காது ஏற்கெனவே அறிந்த சொற்களை வையுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத நம் வீட்டுப் பிள்ளைக்கும் தாத்தா தெரியும், மாமா தெரியும், பெரியம்மா தெரியும். வடை, ரசம், புட்டு, காவடி, பொட்டு, எல்லாம் தெரியும். ஆங்கிலமும் ஸூலுவும் மட்டும் பேசுகிற பிள்ளைகூட இவற்றைத் தமிழாகத்தான் சொல்கிறது. அந்தச் சொற்களைப் பிள்ளைகளின் கண்ணுயரத்தில், தொட்டுப் பார்க்கிறபடி வையுங்கள். "தாத்தா" என்று வாசலில் ஒரு முழ உயரத்துக்கு நின்றால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். பக்கத்தில் ஒருவர் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். அதில் ஒரே வடிவம் இரண்டு தடவை வருகிறது, நடுவில் ஒரு புள்ளி வைத்த எழுத்து. "மாமா"வில் அதே கால் மறுபடி வருகிறது. பிள்ளையே பொருத்திப் பார்த்துக்கொள்ளும். ஐந்து சொல்லுக்குள் பத்துப் பதினைந்து வடிவம் பழகிவிடும். இப்படி வைத்தால் பிள்ளைகள் தமிழ் கற்றுவிடுவார்கள் என்று உறுதி கொடுக்க என்னால் முடியாது. சுவர் ஆசிரியர் ஆகாது. ஆனால் எழுத்துக்கும் வீட்டுப் பேச்சுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டும். அலங்காரமாகிவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து இதுதான்.

உங்கள் குழுவில் யாராவது முன்னோர் பெயர்ச்சுவர் வேண்டும் என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் என்று எழுதியிருக்கிறது. சுவருக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஆனால் அந்தப் பட்டியல் ஆங்கில எழுத்தில் உள்ளது, காதில் விழுந்தபடி ஒரு குமாஸ்தா எழுதியது. அதைத் திரும்பத் தமிழாக்கும்போதுதான் சந்தேகம் தொடங்கும். நாயுடு, பிள்ளை, படையாச்சி, இவை பெரும்பாலும் தெளிவு. மூன்சாமி என்று பதிவாகியிருப்பவர் முனுசாமியா முனிசாமியா? மூட்லி என்பதற்கு முதலி என்று எழுதுவதா, முதலியார் என்று எழுதுவதா? கோவெண்டர் என்பது கவுண்டர்தான் என்று பலர் சொல்கிறார்கள், கோவிந்தனிலிருந்து வந்தது என்று சொல்கிற குடும்பங்களும் உண்டு. உலோகத்தில் வெட்டியபின் அதைத் திருத்த முடியாது. குடும்பமே எழுதிக்கொடுத்தால் மட்டும் தமிழில் வையுங்கள். மற்றவர்களுக்குப் பட்டியலில் உள்ளபடி ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். ஒருவருடைய பாட்டனாரின் பெயரை நாமே ஊகித்துச் சுவரில் அடிப்பது சரியில்லை.

இனித் தொழிலுக்கு வருகிறேன். தமிழ் எழுத்தை உலோகத்தில் வைக்கும்போது முதல் ஆபத்து புள்ளிதான். ஆங்கிலத்தில் சிறிய "ஐ", "ஜே" என்ற இரண்டுக்கு மட்டும் மேலே புள்ளி, அதுவும் விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நமக்கோ "கல்" என்பதில் புள்ளி விழுந்தால் "கல" ஆகிவிடும். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை, வைத்தால் ஓலை கிழியும். அவர்களுக்குப் பழக்கம் இருந்ததால் இடம் பார்த்துப் படித்தார்கள். உங்கள் நூலகத்துக்கு வரும் பிள்ளையால் அது முடியாது. வெட்டு உலோகத்தில் புள்ளி தனித் துண்டு. பத்து மில்லிமீட்டர் வட்டம், பின்னால் ஒட்ட இடமே இருக்காது. பசையை மட்டும் நம்பினால் ஒரு கோடை வெயிலுக்கு நிற்கும், அடுத்ததற்கு நிற்காது.

ஒரு பள்ளிக் கூடத்தில் "கற்றது கைம்மண் அளவு கல்லாதது உலகளவு" என்று வைத்தோம். எழுத்துகளை வரிசையாகத் தாளில் சுற்றிப் பெட்டியில் கொண்டுபோனேன், புள்ளிகளை மட்டும் ஒரு தேயிலை டப்பாவில் போட்டிருந்தேன். மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தது என்று ஏணியை மடக்கினோம். டப்பாவை எடுத்தால் உள்ளே ஒன்று உருண்டது. என்னோடு வேலை செய்த இருவரும் ஸூலு பேசுபவர்கள், தமிழ் எழுத்துத் தெரியாது. நான் கீழே நின்று அந்த வரியை நாலு தடவை படித்தேன், எங்கே விட்டுப்போனது என்று தெரியவில்லை. வாக்கியம் மனப்பாடம் ஆனதால் கண் தானாகவே புள்ளியைப் போட்டுக்கொண்டது. அவர்களில் ஒருவர் மாதிரித் தாளைக் கேட்டு வாங்கினார். தாளில் வட்டங்களை விரலால் எண்ணினார், நான்கு. சுவரில் எண்ணினார், மூன்று. பிறகு தாளையும் சுவரையும் ஒவ்வொரு வடிவமாக ஒப்பிட்டுக்கொண்டே போய், "கல்லாதது" என்ற சொல்லில் முதல் "ல" மேல் விரலை வைத்தார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒவ்வொரு தமிழ் வேலைக்கும் ஓர் எண்ணிக்கைத் தாள் போகிறது: எத்தனை எழுத்து, எத்தனை தனித் துண்டு, எத்தனை புள்ளி, எது எதன்மேல். உங்கள் ஒப்பந்தக்காரரிடமும் அப்படி ஒரு தாளைக் கேளுங்கள். தமிழ் தெரியாதவர்தான் அதைச் சரியாகப் பார்ப்பார். புள்ளியை எட்டு மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, பின்னால் திருகாணித் தண்டு பற்றவைத்து, சுவரில் துளையிட்டு எபாக்ஸிப் பசையில் இறக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பின்புறத்தில் மெல்லிய பட்டை ஒன்று கொடுத்து எழுத்தோடு சேர்த்துவிடலாம். சுவர் நிறத்திலேயே பட்டைக்குப் பூச்சு அடித்தால் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது ஆபத்து கம்ப்யூட்டரில் இருக்கிறது. தமிழில் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும், ஆனால் யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் பதிவாகிறது. மென்பொருள்தான் அதை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அது தெரியாத மென்பொருளில் "கொடி" என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி, நடுவில் புள்ளி போட்ட வட்டம் ஒன்றும் வரும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பாக இருந்தால் இன்னும் மோசம். எழுத்துரு இல்லாத கணினியில் "தமிழ்" என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் திறக்கும். தமிழ் தெரியாத பட்டறையில் அதையும் அப்படியே வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே யாருக்கும் எழுத்தாக அனுப்பாதீர்கள். தமிழ் தெரிந்தவரின் கணினியில் சரியாக வந்ததைப் பார்த்து, அவுட்லைனாக, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி, அந்தக் கோப்பை மட்டும் வெட்டக் கொடுங்கள். கூடவே ஒரு படமும் அனுப்புங்கள், வெட்டியபின் ஒத்துப்பார்க்க.

பழைய கோயில் கல்வெட்டையோ பழைய பலகையையோ மாதிரியாக எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று. 1978இல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன்பு இங்கே வைத்த கற்களில் "லை"க்கு முன்னால் துதிக்கைபோல் வளைந்த கொக்கி இருக்கும். அது பிழை இல்லை. பழைய கல்லைப் படியெடுத்தால் அப்படியே எடுங்கள், "திருத்த" வேண்டாம். புதிதாக எழுதும் சொற்களை இன்றைய வடிவத்தில் எழுதுங்கள், பிள்ளைகள் புத்தகத்தில் பார்ப்பது அதைத்தான். நீதிமன்றத்துக்குச் சிறைச் சுவர் கிடைத்ததுபோல நமக்கும் உள்ளூர்க் கையெழுத்து இருக்கிறது. 1903இல் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் முதலில் தமிழ்ப் பகுதி இருந்தது, 1906இல் நின்றுபோனது. அந்தப் பக்கங்களின் ஈய எழுத்தும், கோயில் அடிக்கல்லும், பாட்டிமார் நோட்டில் எழுதிய பலகாரக் குறிப்பும் ஒரு நல்ல வரைகலைஞர் கையில் கிடைத்தால் டர்பன் தமிழுக்கென்று ஓர் எழுத்து பிறக்கும். பணமும் நேரமும் இருந்தால் என் ஆசை அதுதான்.

இல்லையென்றால் தயாராக உள்ள எழுத்துருவில் எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், முக்தா மலர் மூன்றும் இலவசம், உரிமச் சிக்கல் இல்லை. கட்டமரானிலும் முக்தா மலரிலும் ஆங்கில எழுத்தும் தமிழும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வரைந்திருக்கிறார்கள். ஸூலுவும் அதே எழுத்தில் எழுதப்படுவதால் மூன்று மொழியும் ஒரே சுவரில் ஒட்டி நிற்கும். விண்டோஸுக்கான லதா தாளுக்குச் சரி, சுவருக்கு மெலிவு. எதை எடுத்தாலும் "ர"வையும் காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வால் தெளிவாகச் சாயாத "ர" தூரத்தில் காலாகத் தெரியும்.

அளவுக்கு எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: 3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் உயரம். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் போட்ட கணக்கு. தமிழுக்கு நான் ஒன்றரை மடங்கு வைக்கிறேன், "ப"வின் உயரத்தை அளவாகக் கொண்டு. 12 மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டுமென்றால் 150 மில்லிமீட்டர். இது நூல் கணக்கு இல்லை, என் கை அனுபவம். ஆங்கில எழுத்தின் உயரத்துக்குத் தமிழைச் சுருக்கினால் "ண" ஒரு கட்டியாகத்தான் தெரியும். எழுத்தைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி நிழல் விழவைப்பது இப்போது வழக்கம். தமிழுக்கு அந்த இடைவெளியைக் குறையுங்கள், நிழல் சுழிக்குள் புகுந்து அடைத்துவிடும்.

உலோகத்தைப் பொறுத்தவரை, டர்பன் காற்றில் உப்பு இருக்கிறது. வெளியில் வைப்பதானால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். 304 கொஞ்ச நாளில் தேநீர்க் கறை பிடித்ததுபோல் ஆகும். ஆணியும் அதே உலோகமாக இருக்கட்டும். கூடத்துக்குள்ளே என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை, பூச்சு அடித்த அலுமினியமோ மரமோ போதும். பிள்ளைகள் தொடுகிற உயரத்தில் ஓரங்களை உருட்டச் சொல்லுங்கள். தலைக்கு மேலே எது வந்தாலும் பொறியாளர் கையெழுத்து வேண்டும், அதில் என் சொல் செல்லாது. கட்டடத்துக்கு 60 வயதுக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றம் செய்ய மரபுரிமைச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். துளை போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

வெட்டக் கொடுப்பதற்கு முன்னால், சொற்களை முழு அளவில் காகிதத்தில் அச்சடித்து அதே சுவரில் டேப் போட்டு ஒரு வாரம் ஒட்டிவையுங்கள். காலையிலும் மாலையிலும் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த மூன்று பேரைத் தனித்தனியாக அழைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு படிக்கத் தெரியாத ஒரு பிள்ளையை அழைத்து, "இதில் உனக்குத் தெரிந்த வடிவம் திரும்ப எங்கே வருகிறது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை எந்தச் சொல்லின்முன் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தச் சொல்லை வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.